ஒன்பது வினாடிக் கையெழுத்து

சட்டப் பாடத்தை மேம்படுத்த யோசனைகளை ஒரு பக்கத்துக்கு மிகாமல் எழுதித் தருமாறு கேட்டிருந்தீர்கள். மூன்று முறை எழுதிப் பார்த்தேன். முதல் முறை இரண்டரைப் பக்கம் வந்தது, இரண்டாம் முறை நான்கு, மூன்றாம் முறை ஆறு. சுருக்க உட்கார்ந்தால் எனக்கு நீண்டுவிடுகிறது. ஆகவே இப்படியே அனுப்புகிறேன். வேண்டாத பக்கங்களை நீங்களே கிழித்துக்கொள்ளுங்கள். ஆனால் படித்துவிட்டுக் கிழியுங்கள்.

என்னைத் தெரியாதவர்களுக்கு: இதே திருவண்ணாமலையில், நீங்கள் இப்போது வேலை பார்க்கும் தொழிற்பயிற்சிக் கல்லூரியில், பத்தொன்பது ஆண்டுகள் தொழிற்சட்டம் நடத்தினேன். சட்டப் பட்டம் பெற்றவன். நீதிமன்றத்துக்குப் போன நாட்கள் மொத்தம் அறுபத்து மூன்று, அதில் ஐம்பது வாய்தா. அது சரிப்படாமல் இங்கே வந்தேன். ஒவ்வொரு வகுப்பிலும் வாரத்துக்கு இரண்டு பீரியட் எனக்கு. இரண்டும் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு. காலையெல்லாம் பட்டறையில் நின்றுவிட்டு வந்த பிள்ளைகள் என் வகுப்பில்தான் தூங்குவார்கள். ஒரு நாளில் அதிகபட்சம் பதினேழு பேர் தூங்கியிருக்கிறார்கள். எண்ணியிருக்கிறேன்.

எண்ணுவது என் பழக்கம். படிக்கட்டு, பேருந்து, தூங்குகிறவர்கள், மதிப்பெண் எல்லாவற்றையும் எண்ணுவேன். என் பாடத்தில் பிள்ளைகள் மனப்பாடம் செய்ய வேண்டிய சட்டப் பிரிவுகள் அறுபத்திரண்டு. அறுபத்திரண்டையும் சொல்ல வைத்துவிட்டால் பாடம் முடிந்தது என்று பதினாறு ஆண்டுகள் நம்பினேன். அந்த நம்பிக்கை ஒரு தை மாதத்து வியாழக்கிழமை காலை பத்தே முக்காலுக்குப் போயிற்று.

வெற்றிச்செல்வி என்று ஒரு மாணவி. கீழ்பென்னாத்தூர் பக்கம், அப்பாவுக்கு மணிலா, அதாவது வேர்க்கடலைப் பயிர். மெஷினிஸ்ட் பிரிவில் நாற்பத்தொரு பேரில் இரண்டே பெண்கள், அவர்களில் ஒருத்தி. என் பாடத்தில் தொண்ணூற்று நான்கு மதிப்பெண். அதற்கு முன்னும் பின்னும் யாருக்கும் நான் அவ்வளவு போட்டதில்லை. படிப்பு முடிந்ததும் ஊருக்கு வெளியே ஒரு தொழிற்சாலையில் ஓராண்டுத் தொழிற்பழகுநராகச் சேர்ந்தாள். ஏழாவது மாதம் பிரஸ் மெஷினில் இடது கை சிக்கியது. ஆள்காட்டி விரலும் நடுவிரலும் நுனியில் போயின.

நான் ஆஸ்பத்திரிக்குப் போனபோது இரண்டு நாள் ஆகியிருந்தது. கட்டுப் போட்ட கையைத் தலையணை மேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் ஒரு பையில் ஆரஞ்சுப் பழம். யார் வாங்கி வந்தது என்று கேட்டேன்.

"எங்க சூப்பர்வைசர் சார். முந்தாநேத்தே வந்துட்டாரு. ரொம்ப அழுதுட்டாரு, பாவம்."

"அழுதுட்டு?"

"ஒரு பேப்பர்ல கையெழுத்து வாங்கினு போனாரு."

"என்ன பேப்பர்மா?"

"தெரியல சார். ஒன்னரைப் பக்கம் இருந்துது. ஆஸ்பத்திரி ஃபார்மாலிட்டின்னாரு."

அது என்ன என்பது அன்று மாலையே தெரிந்தது. அவளுடைய அப்பாவின் வாட்ஸாப்புக்கு நிறுவனமே நகலை அனுப்பியிருந்தது. மெஷினின் பாதுகாப்புத் தடுப்பை மேலதிகாரியின் எச்சரிக்கையையும் மீறித் தானே கழற்றியதாகவும், விபத்துக்குத் தன் அஜாக்கிரதையே காரணம் என்றும், நிறுவனத்தின் மீது எந்தக் கோரிக்கையும் இல்லை என்றும் அவள் எழுதிக் கொடுத்ததாக இருந்தது. கூடவே இன்னொரு கடிதம்: ஒழுங்கு மீறலுக்காக அவளுடைய பயிற்சி ஒப்பந்தத்தை ரத்து செய்யப் பரிந்துரைத்திருக்கிறார்கள். ரத்தானால் ஏழு மாத உழைப்பு போயிற்று, சான்றிதழ் போயிற்று, "சொன்ன பேச்சு கேக்காம மெஷின்ல கை உட்ட பொண்ணு" என்ற பேர் மட்டும் நிற்கும். உண்மையில் அந்தத் தடுப்பு விபத்தன்று காலையிலிருந்தே மெஷினில் இல்லை. ஓட்டச் சொன்னவர் அதே சூப்பர்வைசர்.

மறுநாள் வியாழக்கிழமை காலை மறுபடியும் ஆஸ்பத்திரிக்குப் போனேன். கோபமாகத்தான் போனேன். யார் மேல் என்று தெரியாத கோபம் கடைசியில் அவள் மேலேயே விழுந்தது.

"தொண்ணூத்தி நாலு மார்க் வாங்கினயேம்மா! சம்மதம் எப்பல்லாம் செல்லாதுன்னு அஞ்சு எழுதினியே!"

அவள் அழவில்லை. கட்டிலில் இருந்தபடி வரிசையாகச் சொன்னாள்: "வற்புறுத்தல், தகாத செல்வாக்கு, மோசடி, பொய்க்கூற்று, தவறுணர்வு. அஞ்சும் ஞாபகம் இருந்துது சார். ஆனா அவரு மிரட்டலையே. ஆரஞ்சு வாங்கினு வந்தாரு. பேனாவத் தொறந்து கையில குடுத்தாரு, 'டக்குனு போடும்மா, எல்லாரும் போடறதுதான்'னாரு. நீங்க வாங்குற மாதிரிதான் சார் அவரும் வாங்குனாரு."

"நான் வாங்குற மாதிரியா?"

"ஆமா சார். சேஃப்டி ஃபார்ம்ல."

அவள் குத்திக் காட்டவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னாள், அவ்வளவுதான். நான் ஆஸ்பத்திரிப் படிகளில் இறங்கினேன். எத்தனை படி என்று எண்ண மறந்துவிட்டேன்.

அவள் சொன்னதை விளக்க வேண்டும். ஆண்டு தொடக்கத்தில் பட்டறைக்குள் நுழையும் முன் எல்லாப் பிள்ளைகளும் பாதுகாப்பு உறுதிமொழியில் கையெழுத்திட வேண்டும் அல்லவா? மேலே பன்னிரண்டு வாக்கியங்கள், கீழே பெயர்ப் பட்டியல். சட்ட ஆசிரியர் என்பதால் அதை வாங்கும் பொறுப்பு என்னுடையது. என் பீரியட் வீணாகிறதே என்ற பதைப்பில் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். மேசையைப் பேனாவால் தட்டுவேன். "சீக்கிரம், சீக்கிரம், எல்லாரும் போடறதுதான்" என்பேன். நாற்பத்தொரு பேர் ஆறு நிமிடத்தில் போட்டது சாதனை. அதை ஆசிரியர் அறையில் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். ஒருவருக்கு ஒன்பது வினாடிகூட இல்லை. யாராவது மேலே உள்ளதைப் படிக்கக் குனிந்தால், "அதெல்லாம் அப்புறம் படிக்கலாம், பின்னாடி இருக்கிறவன் காத்துட்டிருக்கான்" என்று நானே தாளை நகர்த்தியிருக்கிறேன்.

அன்று மாலை வீட்டில் உட்கார்ந்து கணக்கெடுத்தேன். கருவிகள் பெற்றுக்கொண்டதற்கு, சீருடைக்கு, தேர்வுக்கு, சுற்றுலாவுக்கு, பஸ் பாஸுக்கு என்று ஒரு மாணவரிடம் ஆண்டுக்குப் பதின்மூன்று தாள்களில் கையெழுத்து வாங்குகிறோம். இரண்டு ஆண்டில் இருபத்தாறு. ஒன்றைக்கூட நாம் படிக்க விட்டதில்லை. படிக்காமல் கையெழுத்திட இருபத்தாறு முறை பயிற்சி கொடுத்து அனுப்பியிருக்கிறோம். இருபத்தேழாவதை அவள் பிசகாமல் போட்டாள்.

பயிற்சி ஒப்பந்தத்தை ரத்து செய்வது பற்றி வேங்கிக்காலில் தொழிற்பழகுநர் பயிற்சி அலுவலகத்தில் விசாரணை என்று கடிதம் வந்தது. அவளுக்குத் துணையாக நான் போவதாகச் சொன்னேன். பிரிவுகளாக அடுக்கி ஏழு பக்கம் எழுதினேன். எழுதியதை நம் பட்டறையின் மூத்த பயிற்றுநரிடம் காட்டினேன். பேர் சொல்ல வேண்டாம் என்று அவரே சொல்லியிருக்கிறார். முப்பது வருஷம் லேத்தில் நின்றவர், சட்டம் என்றால் அவருக்குச் சிரிப்பு. அவர் ஏழு பக்கத்தையும் புரட்டிவிட்டு டீ கிளாஸை அதன் மேல் வைத்தார்.

"நல்லா இருக்குது சார். ஆனா அவுங்க ஒரே ஒரு கேள்வி கேப்பாங்க. இவ்ளோ படிச்ச பொண்ணு ஏன் படிக்காம போட்டுச்சு? அதுக்கு இதுல பதில் எங்க?"

"அதுக்கு எங்கிட்ட பதில் இருக்கு. சொன்னா என் மானம் போகும்."

"போவட்டுமே. மானம் உங்களுது. வெரலு அந்தப் பொண்ணுது."

டீ கிளாஸை எடுத்துக்கொண்டு போய்விட்டார். ஏழாம் பக்கத்தில் வட்டமாகக் கறை. பத்தொன்பது ஆண்டில் எனக்கு யாரும் அதைவிடச் சுருக்கமாக ஆலோசனை சொன்னதில்லை.

விசாரணை நாள் மாசிப் பௌர்ணமி. பௌர்ணமியன்று கிரிவலக் கூட்டத்தில் நம் ஊர்ச் சாலைகள் எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கீழ்பென்னாத்தூரிலிருந்து வந்த பேருந்தைத் தொலைவிலேயே நிறுத்திவிட்டார்கள். செல்வியும் அவள் அப்பாவும் நடந்து வந்தார்கள். நானும் நடந்தேன். கையில் ஒரு பை. அதில் ஏழு பக்கமும் இருந்தது, பீரோவிலிருந்து எடுத்த உறுதிமொழிப் பதிவேடும் இருந்தது. எதை வெளியே எடுப்பது என்று அலுவலக வாசல் வரை நான் முடிவு செய்யவில்லை. வேர்த்துக் கொட்டியது. பிரஷர் மாத்திரை போட்டேனா என்ற கவலை வேறு.

அதிகாரி ஒரு பெண்மணி, நடுத்தர வயது, அதிகம் பேசாதவர். நிறுவனத்தின் சார்பில் ஒரு மேலாளரும் அந்தச் சூப்பர்வைசரும் வந்திருந்தார்கள். மேலாளர் மிக மரியாதையானவர். எனக்கு எழுந்து வணக்கம் சொன்னார். பிறகு செல்வியின் மதிப்பெண் பட்டியலை எடுத்து மேசை மேல் வைத்தார்.

"மேடம், இவங்க படிக்காதவங்க இல்ல. பாருங்க, தொழிற்சட்டத்துல தொண்ணூத்தி நாலு. சொல்லிக் குடுத்த சாரே இங்க உக்காந்திருக்காரு. இப்ப வந்து 'படிக்காம போட்டுட்டேன்'னா யாராவது நம்புவாங்களா?"

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். அந்தத் தொண்ணூற்று நான்கை அவர் உரக்கச் சொன்னபோது ஒரு வினாடி எனக்குப் பெருமையாக இருந்தது. அடுத்த வினாடியே அது எதற்குப் பயன்படுகிறது என்று புரிந்தது. நான் போட்ட மதிப்பெண்ணாலேயே அவளை அடிக்கிறார்கள்.

அதிகாரி என்னைப் பார்த்தார். "நீங்க என்ன சொல்றீங்க சார்?"

பையில் கை விட்டேன். பதிவேட்டை எடுத்து விரித்து வைத்தேன்.

"மேடம், இது எங்க பட்டறைப் பாதுகாப்பு உறுதிமொழி, இவங்க வகுப்போட நாப்பத்தோரு கையெழுத்து இதுல இருக்கு. ஆறு நிமிஷத்துல வாங்கினேன். வாங்கினது நான்தான். இந்தப் பொண்ணு கையெழுத்து பதினெட்டாவது. படிக்கக் குனிஞ்சா தாளை இழுத்திருக்கேன். தேர்வுல நான் கேட்டது பிரிவு என்ன, உட்பிரிவு என்னன்னு. கையெழுத்துக்கு முன்னாடி படின்னு சொல்லிக் குடுக்கல. படிக்காதன்னு பழக்கினேன். அந்தத் தொண்ணூத்தி நாலு என் கேள்வித்தாளோட லட்சணம். அதுக்காக அவளத் தண்டிக்காதீங்க."

மேலாளர் சிரித்தார். "சார், இது உங்க காலேஜ் பிரச்சினை. இதுக்கும் எங்களுக்கும்..."

அதிகாரி கையைக் காட்டி அவரை நிறுத்தினார். சூப்பர்வைசரிடம் திரும்பினார். "இந்த வாக்குமூலத்த இந்தப் பொண்ணு படிச்சிட்டுதான் போட்டாங்களா?"

"ஆமாங்க மேடம். என் கண்ணு முன்னாடி படிச்சாங்க."

"எவ்ளோ நேரம் ஆச்சு?"

"ஒரு நிமிஷம் இருக்கும் மேடம். டக்குனு முடிஞ்சிடுச்சு."

அதிகாரி அந்த ஒன்றரைப் பக்கத்தைச் செல்வியிடம் கொடுத்தார். "மனசுக்குள்ளயே படிம்மா. முடிச்சதும் சொல்லு."

அவள் படித்தாள். வலது கையால் தாளைப் பிடித்துக்கொண்டு, உதடு அசைய அசையப் படித்தாள். மேலாளர் பேனாவால் மேசையைத் தட்டினார். நான் தட்டுகிற அதே தாளம். அவள் நிமிரவில்லை. முதல் முறையாக அதில் என்ன எழுதியிருக்கிறது என்று அவள் தெரிந்துகொள்வது முகத்தில் தெரிந்தது. இரண்டாம் பக்கத்தில் ஓரிடத்தில் நிறுத்தி, மறுபடியும் முதலிலிருந்து அந்த வரியைப் படித்தாள். பிறகு தாளை வைத்தாள்.

"மூணு நிமிஷம் நாப்பது வினாடி" என்றேன், அடக்க முடியாமல் எழுந்து.

"நானும் கடிகாரம் கட்டியிருக்கேன் சார். உக்காருங்க" என்றார் அதிகாரி.

உட்கார்ந்தேன்.

அந்த வாக்குமூலத்தை ஏற்க முடியாது என்று அவர் எழுதினார். தடுப்பு எப்போது கழற்றப்பட்டது என்று நிறுவனத்தின் பராமரிப்புக் குறிப்பை வரவழைத்தார், விபத்தன்று காலையிலேயே கழற்றியாயிற்று என்று அதிலேயே இருந்தது. ஒப்பந்தம் ரத்தாகவில்லை. சிகிச்சையும் இழப்பீடும் அவர்கள் பொறுப்பு என்று ஆயிற்று. விட்டுப்போன நாட்களைச் சேர்த்துப் பயிற்சியை முடிக்கலாம் என்று உத்தரவு. வெளியே வந்ததும் அவள் அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் நின்றார். நன்றி சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். "இனிமே புள்ளைங்கள படிக்க உடுங்க சார்" என்றார். அவரைவிடச் சரியாக உங்களுக்கு என்னாலும் சொல்ல முடியாது.

நம் கல்லூரியின் பெயரை அலுவலகத்தில் கெடுத்ததற்காக எனக்கு மெமோ வந்தது. நியாயம்தான். பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து கேட்டார்கள். நின்றபடியே முழுதும் படித்துவிட்டுப் போட்டேன். கொண்டுவந்த கிளார்க் நொந்துபோனார்.

அந்த ஆவணியில் புது வகுப்பு. அறுபத்திரண்டு பிரிவுகளை ஒன்பதாகக் குறைத்தேன். மிச்சம் வேண்டுமென்றால் செல்போனில் இருக்கிறது, தேடிக்கொள்ளலாம். மிஞ்சிய பீரியடுகளில் மேசைக்கு எதிரே ஒரு நாற்காலி போட்டு நான் முதலாளியாக உட்கார்ந்தேன். ஒவ்வொருவராக வர வேண்டும். தாளை நீட்டுவேன். பேனாவைத் திறந்து கையில் கொடுப்பேன். "டக்குனு போடுப்பா" என்று மேசையைத் தட்டுவேன். அவர்கள் சொல்ல வேண்டியது ஒரே வாக்கியம்: "படிச்சிட்டுத் தரேன் சார்." இதில் என்ன கஷ்டம் என்பீர்கள். முதல் நாள் நாற்பத்து மூன்று பேரில் முப்பத்தெட்டுப் பேர் கையெழுத்திட்டுவிட்டார்கள். எல்லோர் முறையும் முடிந்த பிறகு தாளை உரக்கப் படித்தேன்: "என் இருசக்கர வாகனத்தைச் சட்ட ஆசிரியருக்கு இதனால் தானமாக அளிக்கிறேன்."

வகுப்பில் ஒரே கூச்சல். "சார், வண்டி எங்க அண்ணனுது சார்!" என்று ஒருவன் அலறினான்.

"எனக்கு வண்டியே கெடையாது சார்" என்றான் இன்னொருவன் நிம்மதியாக.

"ட்யூ நீங்களே கட்டிடுங்க சார், எனக்கு ஓகே" என்றான் கடைசி பெஞ்ச்.

அன்று யாரும் தூங்கவில்லை. பூஜ்யம். பத்தொன்பது ஆண்டில் முதல் முறை.

வாக்கியத்தைச் சொல்வது எளிது. சொன்ன பிறகு வரும் மௌனத்தில் உட்கார்ந்திருப்பதுதான் கஷ்டம். எதிரே இருப்பவர் முகம் சுளிப்பார், கடிகாரத்தைப் பார்ப்பார், வேறு ஆளைக் கூப்பிடுவேன் என்பார். அந்த நேரத்தைத் தாங்க வேண்டும். பிள்ளைகள் முதலில் நான்கு வினாடி தாங்கினார்கள். மூன்றாம் வாரம் ஒரு நிமிடத்தைத் தாண்டினார்கள். நான் எண்ணியதிலேயே எனக்குப் பிடித்த எண்கள் அவை.

அப்புறம் அசல் தாள் வந்தது. அதே பாதுகாப்பு உறுதிமொழி. இம்முறை ஒவ்வொருவருக்கும் ஒரு பிரதி கொடுத்து, இரண்டு பீரியட் ஒதுக்கி, நான் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தேன். இருபது நிமிடம் கழித்து வெல்டர் பிரிவுப் பெண் ஒருத்தி கை தூக்கினாள்.

"சார், ஏழாவது பாயின்ட்ல 'எல்லா இயந்திரங்களிலும் பாதுகாப்புத் தடுப்புகள் உள்ளதை நேரில் கண்டேன்'னு இருக்குது. வாசல்லேர்ந்து பாத்தேன், நாலாம் நம்பர் கிரைண்டர்ல கண்ணாடி மூடியே இல்லையே சார்?"

நான் பட்டறைக்குப் போய்ப் பார்த்தேன். இல்லை. எத்தனை வருஷமாக இல்லை என்று மூத்த பயிற்றுநரைக் கேட்டேன். அவர் தாடையைச் சொறிந்தார். "அது ஆச்சு சார் ஒரு ஆறு வருஷம். எழுதிக் குடுத்தேன். ஆர் படிக்கிறாங்க?"

ஆறு ஆண்டுகளாக, ஆண்டுக்கு நாலு வகுப்பு, எல்லோரும் அந்த மூடியை நேரில் கண்டதாகக் கையெழுத்திட்டிருக்கிறார்கள். வாங்கியது நான். அன்று யாரும் கையெழுத்திடவில்லை. மறுநாளும் இல்லை. பட்டறை வகுப்பு தொடங்காமல் நின்றது. முதல்வர் என்னைக் கூப்பிட்டுக் கத்தினார், நான் கவலைப்பட்டேன், தூக்கம் வரவில்லை, பாடத்திட்டம் பின்தங்குகிறதே என்று பீரியடுகளை எண்ணினேன். எட்டாம் நாள் மூடி வந்தது. பிள்ளைகள் வரிசையாகப் போய் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்து கையெழுத்துப் போட்டார்கள். நாற்பத்து மூன்று கையெழுத்துக்கு எட்டு நாள். என் பழைய சாதனை ஆறு நிமிடம்.

ஆகவே யோசனை என்று கேட்டால் இதுதான். நீங்கள் பிள்ளைகளிடம் வாங்கும் கையெழுத்துதான் முதல் சட்டப் பாடம். அதற்கு நேரம் கொடுங்கள். மிச்சத்தை நீங்கள் என்னைவிட நன்றாக நடத்துவீர்கள்.

இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன். அந்தக் கார்த்திகையில், தீபத்துக்கு நான்கு நாள் இருக்கும்போது, காலையில் செல்வியிடமிருந்து போன் வந்தது. பின்னணியில் ஒரே லாரி இரைச்சல்.

"சார், பயிற்சி முடிஞ்சிடுச்சு. கடைசி நாளு, ஒரு பேப்பர்ல கையெழுத்து கேட்டாங்க. இப்பதான் போட்டுட்டு கேட்டுக்கு வெளிய வந்தேன்."

"படிச்சியா?"

"எவ்ளோ நேரம்னு கேளுங்க சார்."

"எவ்வளவு நேரம்?"

"பதினோரு நிமிஷம். ஒரு பக்கம்தான். ரெண்டு வாட்டி படிச்சேன். ஒரு வரி தப்பா இருந்துது, அடிக்கச் சொன்னேன். மேனேஜர் சார் மேசையத் தட்டினே இருந்தாரு. அப்புறம் தட்டுறத உட்டுட்டு காபி சொல்லிட்டாரு."

"உனக்கா?"

"அவருக்கு சார்!"

சிரித்தாள். நானும் சிரித்தேன். போனை வைத்துவிட்டு அலமாரியைத் திறந்து பழைய மதிப்பெண் நோட்டை எடுத்தேன். அவள் பெயருக்கு நேரே இருந்த தொண்ணூற்று நான்கை அடித்துவிட்டு, பக்கத்தில் பதினொன்று என்று எழுதினேன்.